கருமருந்து ரைஃபிளைத் துடைப்பதும் காப்பதும்: கேள்வி பதில்

வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து, பேரலின் பின்முனையில் உள்ள துளையுள்ள சிறு முனையான நிப்பிளில், அடித்தால் பொறி தரும் கேப் வைத்துச் சுடும் ரைஃபிள்களைப் பற்றிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை அமெரிக்க ஹாக்கன் வகை .50 (பேரல் துளை அரை அங்குலம்) ரைஃபிளையும், சில இங்கிலாந்தின் 1853 மாடல் என்ஃபீல்டையும் பற்றியவை.

ஐயா, சுட்டு முடித்த அன்றே நல்ல கன் ஆயில் போட்டுத் துடைக்கிறேன். அப்படியும் இரண்டு வாரத்தில் பேரலுக்குள் துரு. ஆயிலை மாற்ற வேண்டுமா?

ஆயிலில் குறை இல்லை. அதற்கு முன்னால் தண்ணீர் போயிருக்க வேண்டும்.

கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு போகும், மீதி பேரலில் ஒட்டும். கருப்பாக இருப்பதால் கரி என்று நினைக்கிறோம், பெரும்பகுதி உப்பு. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு. கழுவும்போது வரும் அழுகிய முட்டை வாடை அந்த சல்பைடுதான். கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்போடு ஒட்டி நிற்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் உடனே கரையும். நீங்கள் போடும் ஆயில் கசடோடு குழைந்து தார் மாதிரி ஆகி, உப்பை உள்ளே வைத்து மூடிவிடுகிறது. முதலில் தண்ணீர், பிறகு ஈரம் போகத் துடைப்பது, கடைசியில் ஆயில். இந்த வரிசை மாறக் கூடாது.

ஹாக்கன் வகைக்கு முழு முறையையும் வரிசையாகச் சொல்லுங்களேன் சார். புதிதாக வாங்கியிருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்னால், உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்யுங்கள். குண்டை இடித்து இறக்கும் ராம்ராடை அடிவரை விட்டு, வாயருகே விரலால் பிடித்து வெளியே எடுத்து, பேரலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். முனை நிப்பிள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அங்குலக் கணக்கில் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. காலியாக இருக்கும்போதே ராடில் ஒரு கோடு கீறி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை.

பிறகு கேப்பை அடிக்கும் ஹேமரை ஹாஃப் காக்கில் (பாதி பின்னிழுத்த நிலையில்) வைத்து, ராம்ராடை உருவி, பேரலைத் தாங்கும் கட்டையின் குறுக்கே இருக்கும் ஆப்பைத் தட்டி எடுங்கள். ஹாக்கனில் பேரலின் அடிப்பக்கம் ஒரு கொக்கியில்தான் மாட்டியிருக்கும். வாய்ப்பக்கத்தை மேலே தூக்கினால் தனியே வந்துவிடும். நிப்பிளை அதற்குரிய சாவியால் கழற்றி ஒரு கிண்ணத் தண்ணீரில் போடுங்கள்.

ஒரு வாளியில் அரை அடி உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. பேரலின் பிரீச் (பின்முனை) பக்கம் வாளியில் முங்கட்டும். ராடின் நுனியில் துணி பிடிக்கும் ஜாக்கில் 2 அங்குலச் சதுரப் பருத்தித் துணி மாட்டி வாய்வழியாக விட்டு, தண்ணீர் பம்பு அடிப்பது போல மேலும் கீழும் 20, 30 முறை இழுங்கள். நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும். தண்ணீர் கறுத்ததும் மாற்றுங்கள். கடைசி வாளி சோப்பில்லாத நல்ல தண்ணீர்.

பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. இந்த ரைஃபிள்களில் பல, பேரலின் அடியில் விட்டம் குறுகிய ஒரு மருந்தறை கொண்டவை. .50 ஜாக் அந்த வாசலிலேயே நின்றுவிடும். நீங்கள் பளபளவென்று துடைத்ததாக நினைத்திருக்க, அங்கே கசடு இறுகிக் கிடக்கும். .32 அளவு பிரஷ்ஷில் துணி சுற்றி அதற்குள் விட்டுத் திருகி எடுங்கள். நிப்பிள் துளையைப் புகையிலைக் குழாய் துடைக்கும் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். "திடீரென்று கேப் மட்டும் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த அறையைத்தான்.

துணி கறையில்லாமல் வரும்வரை காய்ந்த துணி. பிறகு ஆல்கஹால் நனைத்த துணி ஒன்று, மீண்டும் காய்ந்தது ஒன்று, அதன்பின் ஆயில் தடவிய துணி. நிப்பிளின் மரையில் துளி கிரீஸ் தொட்டு மாட்டுங்கள், கை இறுக்கத்துக்கு மேல் வேண்டாம்.

கொதிக்கிற தண்ணீர்தான் சரி, தானே உலர்ந்துவிடும் என்கிறார்களே?

உலரும் என்பது உண்மை. ஆனால் சூடேறிய இரும்பில், ஆயில் போடுவதற்குள் மெல்லிய செந்துரு படிந்துவிடும். துணி காவி நிறத்தில் வரும். உப்பைக் கரைக்கக் கை பொறுக்கும் சூடு போதும்.

அண்ணா, ஐந்து முறை சுட்டதும் குண்டு பாதியில் நின்றுவிடுகிறது. சுத்தியால் தட்டி இறக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அப்படியே சுட்டுவிடுவது அதைவிட மோசம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பேரல் உப்பிவிடும், பிளக்கவும் கூடும். கேப் வைக்காமல், நிப்பிளைக் கழற்றி அந்தத் துளை வழியே தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக ஊறவையுங்கள். பிறகு திருகாணி முனை கொண்ட குண்டு இழுப்பானால் எடுங்கள்.

நின்றுபோகாமல் இருக்க, ஒவ்வொரு முறை சுட்டபின்னும் ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. ஈரம் என்றால் பிழிந்தால் சொட்டக் கூடாத ஈரம். சொட்டச் சொட்ட விட்டால் கசடு குழம்பாகி மருந்தறைக்குள் இறங்கி அடுத்த மருந்தை நனைத்துவிடும். அப்போதும் இறுக்கமாக இருந்தால் குண்டைச் சுற்றும் துணியைப் பாருங்கள். .50 பேரலுக்கு .490 குண்டும் .015 அங்குலத் துணியும் நல்ல தொடக்கம்.

அந்தத் துணிக்குத் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்து தடவுங்கள், அல்லது தாவர எண்ணெய். பெட்ரோலிய கிரீஸ் கசடைத் தாராக்கும். மெழுகும் கொழுப்பும் பழைய வழக்கம். 1857இல் பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்று சிப்பாய்களிடையே கலவரத்தை மூட்டிய தோட்டா இந்த 1853 என்ஃபீல்டுக்குச் செய்ததுதான்.

என்ஃபீல்டு வைத்திருக்கிறேன். பேரலை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டுமா?

தேவையில்லை. பேரலைக் கட்டையோடு பிடிக்கும் மூன்று வளையங்களையும் அடிக்கடி கழற்றி மாட்டினால் கட்டை தேய்ந்து லூசாகும். நிப்பிள் மேல் தடித்த தோல் துண்டு வைத்து ஹேமரை மெதுவாக இறக்கி அடையுங்கள். பேரலில் மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, வாயைப் பொத்தி, இப்படியும் அப்படியும் சாய்த்து, வாய்வழியாகவே கொட்டுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை நான்கைந்து முறை. அதன்பின் நிப்பிளைக் கழற்றித் துடைப்பது வழக்கம் போல. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பேரலைத் தூக்கி, அடிப்பக்கத்தில் மெழுகு தடவுங்கள். கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே புகுந்த ஈரம் வெளியே தெரியாது.

புது நிப்பிள் பாதி மரையில் இறுகி நிற்கிறது. சாவியை அழுத்தித் திருகலாமா?

நிறுத்துங்கள். 1/4-28 (அங்குல அளவு) மரையும் M6×0.75 (மில்லிமீட்டர் அளவு) மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஒன்றில் மற்றது சேராது. அழுத்தினால் போவது பேரலின் மரை. தயாரித்தவரின் கையேட்டில் அளவைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: கேப் இல்லாமல் ஹேமரை அடித்து விளையாடினால் நிப்பிளின் தலை நசுங்கி, கேப் சரியாக உட்காராது.

கருமருந்து கிடைக்கவில்லை, பைரோடெக்ஸ் போடுகிறேன். துடைப்பது இதே முறைதானா?

இதே முறை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அதில் பெர்குளோரேட் உண்டு. எரிந்தபின் குளோரைடு உப்பு மிஞ்சும், அது இன்னும் வேகமாக அரிக்கும். மாற்று மருந்துகளில் பிளாக்ஹார்ன் 209 மட்டும் வேறு குணம். நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலானது, அதன் கசடு தண்ணீருக்கு அசையாது, சால்வென்ட் வேண்டும்.

ஹேமரை இயக்கும் லாக்கை எப்போது கழற்றுவது?

சுட்ட ஒவ்வொரு நாளும் கழற்றிப் பாருங்கள். ஹாஃப் காக்கில் வைத்து, பொருத்தமான திருப்புளியால் திருகாணியைச் சில சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் லேசாகத் தட்டினால் லாக் வெளியே வரும். நெம்பாதீர்கள், ஓரக் கட்டை சிம்பு பெயரும். புகை புகுந்திருந்தால் வெந்நீரும் பழைய பல் பிரஷ்ஷும். நன்றாக உலர்த்தி, உராயும் இடங்களில் மட்டும் ஒரு துளி ஆயில். மெயின் ஸ்பிரிங்கை அதற்குரிய கருவி இல்லாமல் கழற்ற வேண்டாம்.

துடைத்து வைத்தபின் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? எப்படி நிறுத்தி வைப்பது?

மறுநாள் ஒரு துணி விட்டுப் பாருங்கள். காவி வந்தால் தண்ணீரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மேலே ஆயில் போட்டு மூடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும், அதன்பின் மாதம் ஒருமுறை. வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். நிமிர்த்தி வைத்தால் ஆயில் இறங்கி மருந்தறையில் தேங்கும், லாக் பக்கத்துக் கட்டையும் ஊறி மெத்தென்று ஆகும்.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள். அடுத்த முறை சுடப் போகும்போது ஆல்கஹால் துணியால் ஆயிலை எடுத்துவிட்டு, மருந்து போடாமல் இரண்டு கேப் மட்டும் வெடியுங்கள். வாயைத் தரையிலுள்ள புல்லுக்கு அருகே வைத்தால் புல் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது, மருந்து போடாதீர்கள்.