முன்வரிசை யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அரங்குகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஃபீல்டுஹவுஸில் ஒரே ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு, ரசிகனுக்கு இதைவிட நல்ல அரங்கு கிடையாது என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். முதுகு சாய இடமில்லாத பெஞ்சு, நெரிசல், புழுக்கம், காது கிழியும் சத்தம் எல்லாவற்றையும் நீங்களே பட்டியலிட்டு, பிறகு அதையே பெருமையாகவும் சொல்கிறீர்கள். எனக்கு விளங்கவில்லை.

நான் நியூ ஜெர்சியில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் வலி. என் மகன் படிக்கும் பல்கலைக்கழகத்தின் அரங்கில் சென்ற ஆண்டு ஓர் ஆட்டம் பார்த்தோம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு வாரம் சமையல் சாமான் வாங்கியிருக்கலாம். கூரைக்கு அடியில் உட்கார்ந்து, தொங்கும் திரையில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். கீழே முதல் பத்து வரிசைகளில் பாதி இருக்கைகள் காலி. ஆனாலும் இருக்கை மெத்தென்று இருந்தது, கழிப்பறை சுத்தமாக இருந்தது. காசுக்கேற்ற தோசை என்று ஏற்றுக்கொள்வதா, ஏமாந்தோம் என்பதா? நல்ல அரங்கு, மோசமான அரங்கு என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இந்தக் குளிர்காலத்தில் மகனோடு ஒரே ஓர் ஆட்டத்துக்குப் போக முடியும். எங்கே போகலாம்?

நியூ ஜெர்சி வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் முழங்காலுக்கு என் மரியாதை. எனக்கும் அதே வயது, அதே வலி. ஆலன் ஃபீல்டுஹவுஸிலிருந்து திரும்பியபின் இரண்டு நாட்கள் மாடிப்படி ஏறவில்லை. அதைக் கட்டுரையில் எழுதாமல் விட்டது என் தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 'கீழே முதல் பத்து வரிசைகளில் பாதி இருக்கைகள் காலி' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அரங்குகளை எடைபோடுவது அதை வைத்துத்தான். கூடைப்பந்துத் தளம் 94 அடி நீளம், 50 அடி அகலம். அதைச் சுற்றி உட்காரும் முன்வரிசை எந்த அரங்கிலும் கொஞ்சம்தான். எத்தனை கோடி செலவழித்தாலும் அதை நீட்ட முடியாது. அந்தக் கொஞ்ச இடத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பெஞ்சா மெத்தையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு வட கரோலினாவைவிட நல்ல பாடம் கிடையாது. காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள், பரம வைரிகள். டர்ஹாமில் டியூக்கின் கேமரன் உள்ளரங்கு, 1940 ஜனவரியில் திறக்கப்பட்டது; 9,314 பேருக்குத்தான் இடம். சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் மையம், 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். முதல் ஆட்டத்துக்கே டியூக்கை அழைத்து 95-92 என்று வென்றார்கள். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பங்காளியைக் கூப்பிட்டுக் குட்டி அனுப்பியதைப் போல.

கேமரனில் தளத்தை ஒட்டிய மரப்படிகள் மாணவர்களுக்கு. நாற்காலிகள் மேலே, பணம் கொடுத்த பெரியவர்கள் அங்கே. அரிதாகவே காணக்கிடைக்கும் வரிசை இது, தலைகீழ் வருணாசிரமம். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய முயலும் எதிரணி வீரனின் முதுகுக்குப் பின்னால், தொட்டுவிடும் தூரத்தில், உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிய நூறு பேர் கைகளை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்துக்காக வெளியே புல்வெளியில் கூடாரமடித்து வாரக்கணக்கில் குளிரில் கிடப்பார்கள். பயிற்சியாளர் ஷிஷெவ்ஸ்கியின் பெயரை அந்தக் கூடார ஊருக்கே வைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய வாயைப் பற்றியும் சொல்லவேண்டும். 1984 ஜனவரியில் மேரிலாந்து அணி வந்தபோது மாணவர்கள் எல்லை மீறினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் டெரி சான்ஃபோர்டு எல்லா மாணவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். திட்டவில்லை, தண்டனை அறிவிக்கவில்லை. சித்தப்பா எழுதுவதைப் போல எழுதி, 'டெரி மாமா' என்று கையெழுத்திட்டார். அடுத்து வந்தது வட கரோலினாவுடனான ஆட்டம். மாணவர்கள் தலையில் தேவதூதர்களின் ஒளிவட்டத்தை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். நடுவர் தங்கள் அணிக்கு எதிராக முடிவு சொன்னபோதெல்லாம், வழக்கமான வசைக்குப் பதிலாக, 'பணிவுடன் மாறுபடுகிறோம்' என்கிற பொருளில் ஒரே குரலில் கோஷமிட்டார்கள். முன்வரிசையைப் பணக்காரர்களுக்குக் கொடுத்திருந்தால் இந்த ஒரு சாயங்காலம் டியூக்கின் வரலாற்றில் இருந்திருக்காது.

இனி சேப்பல் ஹில். அங்கே வென்ற ஆட்டங்களுக்கும் தொங்கும் கொடிகளுக்கும் குறைவே இல்லை. மைக்கேல் ஜோர்டன் படித்த இடம். அவர் ஆடியது இதற்கு முந்தைய கார்மைக்கேல் அரங்கில். சின்ன அரங்கு, கூரை தாழ்ந்தது, சத்தம் தலையில் இடிக்கும் என்பார்கள். புதிய மையத்தைத் தனியார் நன்கொடையாலேயே கட்டினார்கள். கொடுத்தவர்களுக்குக் கீழ்த்தட்டில் நல்ல இருக்கைகள் போயின. மாணவர்களில் பெரும்பகுதி உயரத்துக்குப் போனார்கள். 1991-இல் அங்கே ஆடி வென்ற ஃபுளோரிடா ஸ்டேட்டின் சாம் காசெல், இது டியூக் கூட்டம் மாதிரி இல்லை, பாலாடைக்கட்டியும் ஒயினுமாக உட்கார்ந்திருக்கும் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பட்டப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு ஒரு கூடைக்குப் பின்னால் மாணவர்களுக்கு நிற்கும் படிகள் போட்டுக் கொடுத்தார்கள். பட்டப்பெயர் போகவில்லை.

நன்கொடையாளர்களைக் கரித்துக்கொட்டுவது என் நோக்கமில்லை. அவர்கள் கொடுக்காவிட்டால் கட்டடமே இல்லை. ஆனால் பணம் கொடுத்தவர் குளிரடிக்கும் புதன்கிழமை இரவு வரமாட்டார். வந்தாலும் இடைவேளைக்குப் பின் தாமதமாகத்தான் இருக்கைக்குத் திரும்புவார். நீங்கள் பார்த்த காலி இருக்கைகள் விற்காதவை அல்ல என்றே நினைக்கிறேன். விற்றவைதான்.

ஆலன் ஃபீல்டுஹவுஸை நான் உயர்த்திப் பிடித்ததற்குக் காரணமும் இதுவே. 1955-இல் திறந்த அரங்கு, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். அவ்வளவு பெரியதாக இருந்தும் கேமரனின் நெருக்கத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து சீட்டுக் குலுக்கி, குழுவில் ஒருவராவது மாறி மாறிக் காத்திருந்து இடம் பிடிக்கிறார்கள். எதிரணியின் பெயர்களை அறிவிக்கும்போது எல்லாரும் கல்லூரிச் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் படிப்பதாகப் பாவனை செய்வார்கள். தங்கள் அணி வந்ததும் அதே தாளைக் கிழித்துக் காற்றில் இறைப்பார்கள். ஒரு நாளிதழுக்கு இதைவிடப் பெரிய பயன் இந்தக் காலத்தில் உண்டா, தெரியவில்லை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளர். தளத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கான்சஸ் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் அவர் ஒருவர்தான், 55 வெற்றி, 60 தோல்வி. அந்த ஊர் அதை மறைப்பதே இல்லை.

சத்தத்துக்கு ஓர் அளவும் இருக்கிறது. 2017 பிப்ரவரி 13 அன்று மேற்கு வர்ஜீனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் 130.4 டெசிபல் பதிவாகி, உள்ளரங்க விளையாட்டில் உலகச் சாதனை என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டது. அன்று ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது கான்சஸ் 14 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. மற்ற ஊர்களில் வாகன நெரிசலுக்குப் பயந்து எழுந்து போகும் நேரம் அது. கான்சஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 84-80 என்று வென்றது. சத்தம்தான் வெல்ல வைத்தது என்று சொன்னால் பயிற்சியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். நான் சொல்லவில்லை.

மோசமான அரங்கு எது என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாத வம்பு. ஆனாலும் சொல்கிறேன்: மோசமானது தனியொரு கட்டடம் அல்ல, பேஸ்பாலுக்கோ அமெரிக்கக் கால்பந்துக்கோ கட்டிய இடத்தில் கூடைப்பந்தைக் கொண்டுபோய் வைக்கும் பழக்கம். அது 1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோமில் பெரிய அளவில் தொடங்கியது. ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகமும் மோதிய ஆட்டம். எல்வின் ஹேயஸ் 39 புள்ளிகள் எடுக்க, ஹூஸ்டன் 71-69 என்று வென்றது. ஐம்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். தளத்தை மைதானத்தின் நட்டநடுவில் விரித்திருந்தார்கள். மிக அருகிலிருந்த இருக்கையே நூறடிக்கு அப்பால். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது, நேரில் வந்தவர்களுக்குத்தான் சரியாகத் தெரியவில்லை. இன்று கல்லூரி ஆண்கள் அணிகளின் தேசியப் போட்டியின் கடைசி ஆட்டங்கள் அத்தனையும் இப்படித்தான் நடக்கின்றன. 2014-இல் டெக்சஸில் 79,000 பேருக்கு மேல் கூடினார்கள். கூடினார்கள் என்பது சரி. பார்த்தார்கள் என்று நான் எழுதமாட்டேன்.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டோமையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும், ஆனால் அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 1980-இல் திறந்தது. கால்பந்து மைதானத்தின் ஒரு முனையில் தளத்தைப் போட்டு, மீதியைத் திரையிட்டு மறைத்தார்கள். 2019-இல் டியூக் வந்தபோது 35,642 பேர். கடைசி வரிசைக்காரர் என்ன கண்டாரோ! நாற்பதாண்டுகளாக அதன் பெயர் கேரியர் டோம். ஏர் கண்டிஷனர் செய்யும் அதே கேரியர்தான். அந்த நாற்பதாண்டும் உள்ளே ஏர் கண்டிஷனர் கிடையாது. 2020-இல் கூரையை மாற்றியபோதுதான் போட்டார்கள். போட்ட இரண்டு ஆண்டில் கேரியர் என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். பழைய கூரை காற்றழுத்தத்தில் நின்ற துணிக்கூரை. ஆட்டம் முடிந்து கதவைத் திறந்தால் காற்று ரசிகர்களைப் பிடித்து வெளியே தள்ளுமாம். ஆனாலும் ஆட்டம் தொடங்கியதும் எழுந்து நின்று, தங்கள் அணி முதல் கூடை போடும்வரை அத்தனை ஆயிரம் பேரும் கைதட்டிக்கொண்டே இருக்கும் வழக்கம் அவர்களுடையது. கட்டடம் கெட்டது, கூட்டம் நல்லது.

நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஜிம்னேசியம் தனி விசித்திரம். 1952-இல் கட்டியவர்கள் தளத்தை மேடை மாதிரி உயர்த்திவிட்டார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் வீரர்களின் கணுக்கால் கண்ணுக்கு நேரே. அணிகளின் பெஞ்சுகள் வழக்கம்போல் பக்கவாட்டில் இல்லாமல் கூடைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. மறுமுனையில் ஆடும் தன் பையன்களுக்குப் பயிற்சியாளர் கத்துவது கேட்காது. பயிற்சியாளரின் குரல் கேட்காத ஆட்டம் என்பதே ரசிகனுக்கு ஒரு கொடுப்பினைதான்.

இப்போது என் வாதத்தில் நீங்கள் பிடிக்காமல் விட்ட ஓட்டையை நானே காட்டிவிடுகிறேன். கேமரனை வானளாவப் புகழ்ந்தேன். உங்களால் அங்கே நுழைய முடியுமா? ஒன்பதாயிரத்துச் சொச்சம் இடத்தில் மாணவர்களும் பழைய நன்கொடையாளர்களும் போக வெளியாருக்கு மிஞ்சுவது கையளவு. பெரிய ஆட்டமென்றால் அதுவும் இல்லை. சேப்பல் ஹில்லின் கூரையடி இருக்கைதான், நான் கேலி செய்த அதே இருக்கைதான், உங்களையும் என்னையும் உள்ளே விடும். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் இருக்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து பிலடெல்பியா எவ்வளவு தூரம்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பாலெஸ்ட்ராவுக்குப் போங்கள். 1927 புத்தாண்டு நாளில் திறந்தது, 8,722 பேர். பழைய கிரேக்க மல்லர்களின் பயிற்சிக்கூடத்துப் பெயரை ஒரு கிரேக்கப் பேராசிரியர் எடுத்துச் சூட்டினார். உள்ளே ஒரு தூண்கூட இல்லை. இரும்பு வளைவுகள் கூரையைத் தாங்குகின்றன. பார்வையை மறைப்பதென்றால் முன்னால் எழுந்து நிற்பவர்தான் மறைக்கவேண்டும்.

1955-இலிருந்து அந்த நகரத்தின் ஐந்து கல்லூரிகளும், பென், டெம்பிள், லா சால், செயின்ட் ஜோசப்ஸ், வில்லனோவா, தங்களுக்குள் மோதியது இந்த ஒரே கூரையின் கீழ். ஒரே இரவில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் நடக்கும். அரங்கின் பாதி ஒரு கல்லூரிக்கு, மறுபாதி எதிரிக்கு. தன் அணி முதல் கூடை போட்டதும் தங்கள் நிறக் காகிதச் சுருள்களைத் தளத்தில் எறிவார்கள். 1980-களில் அதற்குத் தண்டப்புள்ளி விதித்து நிறுத்திவிட்டார்கள். அந்த ஐவரும் 2023-இல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டு, தங்கள் இறுதி மோதல்களை நகரத்தின் பெரிய தொழில்முறை அரங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வருத்தம்தான். ஆனால் பென் அணியின் சொந்த ஆட்டங்கள் இன்னும் பாலெஸ்ட்ராவில்தான். பெரும்பாலும் பெஞ்சுதான், முழங்காலுக்கு நான் பொறுப்பில்லை.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். சுற்றுத் தாழ்வாரத்தின் சுவர்களில் பழைய புகைப்படங்கள் மாட்டியிருக்கும். மகனை அங்கே விட்டுவிட்டு நீங்கள் முதலில் உள்ளே போய் நடுக்கோட்டுக்கு நேரே இடம் பிடியுங்கள். வீட்டிலிருந்து ஒரு சின்ன மெத்தை எடுத்துப்போவது நல்லது. இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மகன் தனக்கு வேண்டாம் என்பான், இரண்டாவது பாதியில் கேட்பான்.

அன்புடன்