தூக்கத்துக்கு ஒரு ஊசி, தெம்புக்கு ஒரு ஊசி: பெப்டைட் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீடு திருப்பாதிரிப்புலியூர். உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாத சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. ஒரு வருடமாக ஓயாத அசதி. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை. பேனலில் பார்த்த ரீடிங் லாக் புக்கைத் திறப்பதற்குள் மறந்துபோகிறது. சில நாள் தூக்கம் வருவதற்காக இரண்டு பெக் போடுவேன். என் குறட்டைக்குப் பயந்து மனைவி பிள்ளைகளோடு வேறு அறையில் படுக்கிறாள். புதுச்சேரியில் ஒரு வெல்னஸ் சென்டரில் தூக்கத்துக்கு டி.எஸ்.ஐ.பி., தெம்புக்கு சி.ஜே.சி.-1295 உடன் இபாமொரெலின், இளமைக்கு எபிடலான் என்று மூன்று மாத பெப்டைட் பேக்கேஜ் சொன்னார்கள். 48,000 ரூபாய். “இது மருந்தே இல்லை சார், உடம்பில் இருப்பதுதான், இன்சுலின்கூட பெப்டைட்தானே” என்கிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். மனைவி குடிக்கும் கொலாஜன் பவுடரும் பெப்டைட்தானாம். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இந்த மூன்றில் எதுவும் உங்களுக்கு வேண்டாம். அதிலும் தெம்புக்கு என்று சொன்ன ஊசி உங்கள் உடம்புக்குக் கெடுதலாகவே முடியலாம். உங்கள் அசதிக்கான காரணம், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய குறட்டை வரியில் இருக்கிறது என்பது என் பலமான சந்தேகம். அதற்கு வருவதற்கு முன், அவர்கள் சொன்ன இன்சுலின் நியாயத்தைப் பார்த்துவிடுவோம்.

அமினோ அமிலங்கள் சில சேர்ந்து கோத்த சிறிய சங்கிலிதான் பெப்டைட். பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசினில் 9 அமினோ அமிலங்கள், இன்சுலினில் 51. இரண்டுமே உடம்பில் இருப்பவைதான். ஆனால் இன்சுலின் அளவு தப்பினால் சர்க்கரை சரிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆள் மயங்கி விழலாம். உடம்பிலேயே இருக்கும் பொருள் ஆபத்தில்லாதது என்பதற்கு இன்சுலினை உதாரணம் காட்டவே கூடாது. 1922-ல் முதல் நோயாளிக்குப் போட்டதிலிருந்து நூறு வருடமாக, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதால்தான் அதை நம்பிக் கொடுக்கிறோம். எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெரிபாரடைடும் அப்படித்தான், சர்க்கரைக்கும் எடைக்கும் வந்திருக்கும் செமாகுளுடைடும் அப்படித்தான். ஒரு பெப்டைட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் பிரச்சினை உள்ள மனிதர்களிடம், போதிய எண்ணிக்கையில் சோதித்துப் பார்த்தார்களா?

டி.எஸ்.ஐ.பி.யை 1970-களில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முயல்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். அப்புறம் மனிதர்களிடம் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்தன, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஐம்பது வருடம் ஆகப்போகிறது, தூக்க மருந்தாக அது இன்னும் நிலைபெறவில்லை. எபிடலான் ரஷ்யாவில் உருவானது. ஆயுளைக் கூட்டும் என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் எலி ஆய்வுகளும் செல் ஆய்வுகளும்தான். அதை நம்பி உங்கள் தோலுக்கடியில் ஊசி ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

சி.ஜே.சி.-1295, இபாமொரெலின் ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவை மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கும். இந்த ஆசை எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? 1990-ல் அமெரிக்காவில் டேனியல் ரட்மன் என்ற மருத்துவர், அறுபது வயது தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டார். தசை கூடியது, கொழுப்பு குறைந்தது. அந்தச் சின்ன ஆய்வைப் பிடித்துக்கொண்டு ‘இளமை ஊசி’ வியாபாரம் கிளம்பிவிட்டது. பிறகு நடந்த ஆய்வுகளில் தசை கூடிய அளவுக்குப் பலம் கூடவில்லை. கை கால் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் சேர்ந்து வந்தன. உங்கள் 6.1 சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். 6.5 ஆனால் நோய். இந்த நிலையில் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனைத் தூண்டிவிடுவது சரியா? வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அக்ரோமெகலி நோயாளிகளில் பலருக்குத் தொண்டைத் திசு தடித்து, தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது. உங்களுக்கு நான் சந்தேகப்படுவதும் அதே மூச்சடைப்பைத்தான். சி.ஜே.சி.-1295-ம் இபாமொரெலினும் விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்டவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்டருக்குத் திரும்பப் போனால் அந்த ஊசி மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி, அடியில் வெள்ளைப் பொடி. நம் நாட்டில் விற்கும் எந்த மருந்தானாலும் லேபிளில் உற்பத்தியாளர் பெயர், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்க வேண்டும். இந்த வகைக் குப்பிகளில் பலவற்றில் அவை இருக்காது. அதற்குப் பதிலாக ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரியை அப்படியே நம்புங்கள். உள்ளே இருப்பது சொன்ன பொருள்தானா, சுத்தமானதா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அளவிலும் சிக்கல் இருக்கிறது. 5 மில்லிகிராம் பொடியில் 2 மில்லி நீர் கலந்தால், மில்லிக்கு 100 யூனிட் குறித்த இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் கோடு வரை இழுக்கும்போது 250 மைக்ரோகிராம் வரும். 1 மில்லி நீர் கலந்திருந்தால் அதே கோட்டில் 500 மைக்ரோகிராம். வீட்டில் நீங்களே கலந்து போட்டுக்கொள்ளச் சொன்னால், தூக்கம் கெட்ட கண்ணோடு இந்தக் கணக்கைத் தினமும் போட வேண்டியிருக்கும்.

சரி, குறட்டைக்கு வருவோம். பருமன், ரத்த அழுத்தம், அறையைக் காலி செய்ய வைக்கும் குறட்டை, எட்டு மணி நேரம் படுத்தும் தீராத அசதி, மறதி. இவை ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, தோட்டத்துக் குழாயை மடக்கிப் பிடித்த மாதிரி மூச்சுப் பாதை அடைபடும். ஆக்ஸிஜன் இறங்கும், மூளை திடுக்கிட்டு எழுப்பிவிடும், மூச்சு திரும்பும், மறுபடி அடைபடும். மோசமான கட்டத்தில் இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கும். காலையில் உங்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது. அதனால் மனைவியிடம் கேளுங்கள்: குறட்டை நடுவில் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டு மூச்சு இழுக்கிறீர்களா? எழுந்ததும் தலைவலி உண்டா? இரவில் சிறுநீருக்கு இரண்டு மூன்று முறை எழுகிறீர்களா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? மனைவி அந்த மூச்சு நிற்பதைப் பார்த்திருந்தால் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று. வளர்ச்சி ஹார்மோன் பெரிய அளவில் சுரப்பது இரவின் முதல் ஆழ்ந்த தூக்கத்தில்தான். மூச்சடைப்பால் அந்த ஆழ்ந்த தூக்கமே உடைந்துபோகிறது. 48,000 ரூபாய் கொடுத்து நீங்கள் தூண்ட நினைத்ததை, தூக்கத்தைச் சரிசெய்தால் உடம்பு தானாகவே செய்துகொள்ளும்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ, நுரையீரல் மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் “தூக்கப் பரிசோதனை எடுக்க வேண்டுமா” என்று கேளுங்கள். இரவு முழுக்க மூச்சு, ஆக்ஸிஜன், இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை அது. கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12, சிறுநீரகம் பார்த்துவிடுங்கள். அசதிக்கு அவையும் காரணமாகலாம். மணிக்கு 15 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் பெரும்பாலும் சி-பேப் கருவியைப் பரிந்துரைப்பார்கள். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, மூச்சுப் பாதை அடைபடாமல் வைத்திருக்கும் கருவி அது. முதல் வாரம் முகமூடி எரிச்சலாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். தூக்கத்துக்கு என்று போடும் அந்த இரண்டு பெக் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டும். அதை இன்றே நிறுத்துங்கள். கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவதும் கூடாது.

தூக்கத்துக்கு உண்மையிலேயே சோதனையில் தேறிய பெப்டைட் ஒன்று இருக்கிறது. டிர்செபடைட், 39 அமினோ அமிலங்கள் கொண்டது. பருமனோடு ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களிடம் 52 வாரம் சோதித்ததில், மூச்சடைப்பு சராசரியாக மணிக்கு 25 தடவைக்கு மேல் குறைந்தது. மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது சுமார் 5 தடவைதான். 2024 டிசம்பரில் அமெரிக்கா இதை இந்த நோய்க்கே அங்கீகரித்தது. 2025 மார்ச் முதல் சர்க்கரைக்கும் எடைக்கும் இந்தியாவிலும் கிடைக்கிறது. எடை குறைவதால்தான் முக்கியமாக இந்தப் பலன். உங்கள் உடல் நிறைக் குறியீடு 32-க்கு மேல் இருப்பதால், மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசலாம். வாந்தி, மலச்சிக்கல், கணைய அழற்சி போன்ற தொல்லைகள் இதற்கும் உண்டு. ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடவே கூடாது. எடையோடு தசையும் இறங்கும் என்பதால் முட்டை, மீன், பருப்பு, கூடவே எடை தூக்கும் பயிற்சி அவசியம். ஆகவே, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

நைட் ஷிப்டுக்குச் சில யோசனைகள்: போகுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் படுங்கள். காபி, டீ ஷிப்டின் முதல் பாதியோடு சரி. காலையில் வெயில் கண்ணில் படாமல் கூலிங் கிளாஸ் போட்டு வாருங்கள், ஜன்னலைக் கெட்டித் துணியால் மறைத்துப் படுங்கள்.

மனைவியின் கொலாஜன் பவுடர் வேறு கதை. அது வயிற்றில் செரித்துப்போகும் புரதம், ஊசி அல்ல. தோலின் ஈரப்பதம் கொஞ்சம் கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பலவும் கம்பெனிப் பணத்தில் நடந்தவை. டிரிப்டோபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் இல்லை, ஆகவே சாப்பாட்டுப் புரதத்துக்கு ஈடாகாது. மீன் அலர்ஜி இருந்தால் எதிலிருந்து எடுத்தது என்று பார்க்கட்டும். மற்றபடி பெரிய கெடுதல் இல்லை. அந்தக் காசுக்கு நெத்திலி வாங்கலாம் என்பது என் கருத்து.

முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ரசீதில் ஊசியின் பெயரையும் உற்பத்தி உரிம எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஊசி எதுவும் போட்டிருந்தால், குப்பியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இளைத்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்துகளின் பக்கவிளைவைப் பதிய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது.

பரிசோதனை முடிவு வரும்வரை, நைட் ஷிப்ட் முடிந்து சிதம்பரம் சாலையில் பைக் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் அசந்து விபத்தில் சிக்குவது சகஜம். கம்பெனி பஸ்ஸில் வாருங்கள். பேனல் வேலையிலும் தூக்கம் சொக்கினால், சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொல்லி, கொஞ்ச நாள் பகல் ஷிப்ட் கேட்டு வாங்குங்கள். அதற்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டால் பரிசோதிக்கும் மருத்துவரே தருவார்.