கேள்வி-பதில்: மலிவு விலை மடக்கு மீட்புக்கத்தி வாங்கலாமா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மடக்கு மீட்புக்கத்தியைப் பற்றியவை, அதாவது விபத்தில் சிக்கியவரை இருக்கைவாரை அறுத்து விடுவிக்கப் பயன்படும் மடக்குக்கத்தியைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். விலைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில், தோராயமாக.

*இணையக் கடையில் 19 வெள்ளி 90 காசுக்கு ஒரு மடக்குக்கத்தி பார்த்தேன். பாதி நேர்முனை, பாதி ரம்பப்பல் கொண்ட அலகு, கைப்பிடியில் இருக்கைவார் அறுப்பான், அடிமுனையில் கண்ணாடி உடைப்பான் என மூன்றும் ஒன்றில் இருக்கின்றன. காரில் வைத்துக்கொள்ள வாங்கலாமா? (வாசகர், செங்காங்)*

வேண்டாம். மூன்று கருவிகளின் விலையை ஒன்றில் மிச்சப்படுத்தியதாகத் தோன்றும். ஆனால் அந்த விலையில் மூன்றுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

முதலில் வார் அறுப்பானைப் பாருங்கள். இருக்கைவார் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலமும், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிப்பும் கொண்ட பாலியஸ்டர் பட்டை. இரண்டு டன்னுக்கு மேல் இழுவிசை தாங்கும்படி நெய்யப்படுவது. மலிவுக் கத்திகளின் கைப்பிடியில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளமோ மிகக் குறுகலானது. பழைய பயணப்பையின் தோள்பட்டையை ஒருவரிடம் இறுகப் பிடிக்கச் சொல்லி அறுத்துப் பாருங்கள். முதல் ஓர் அங்குலம் சுலபமாகப் போகும். பிறகு பட்டை மடிந்து பள்ளத்தின் தொண்டையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். மேலும் பலமாக இழுத்தால் கத்தி சட்டென விடுபட்டு உங்கள் முகத்தை நோக்கி வரும். உள்ளிருக்கும் சிறு அலகைப் பெரும்பாலும் கழற்ற முடியாதபடி ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள் என்பதால், மழுங்கினால் மாற்றவும் வழியில்லை.

அடுத்து கண்ணாடி உடைப்பான். ஓட்டுநர் இருக்கையில் வார் பூட்டி அமர்ந்திருப்பவருக்குக் கையை ஓங்க இடமில்லை. வண்டிக்குள் நீர் ஏறிவிட்டால் ஓங்கிய கையின் வேகத்தையும் நீர் தின்றுவிடும். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2019-ல் ஆறு கருவிகளைச் சோதித்து, நான்கு மட்டுமே டெம்பர்டு கண்ணாடியை (உடைந்தால் சிறு துண்டுகளாக நொறுங்கும் கண்ணாடியை) உடைத்தன என்றும், ஓங்கி அடிக்கும் சுத்தியல் வகையைவிட, அழுத்தினால் முனை விசையோடு பாயும் ஸ்பிரிங் வகை சிறப்பாகச் செயல்பட்டது என்றும் அறிவித்தது. கத்தியின் அடிமுனையில் இருப்பது சுத்தியல் வகைதான், அதுவும் கைப்பிடி நீளமில்லாத சுத்தியல். பல மலிவுக் கத்திகளில் அந்தக் கூம்பு கடினப்படுத்திய எஃகுகூட அல்ல. கறுப்பு வண்ணம் பூசிய மென்மையான உலோகம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கண்ணாடிக் குப்பி ஒன்றின் மீது முனையை அழுத்திக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு ஆழமாக விழுந்தால் கடினமான முனை. வழுக்கிக்கொண்டு சாம்பல் தீற்றலை மட்டும் விட்டுச் சென்றால் அதை நம்பாதீர்கள்.

கடைசியாக, விரித்த அலகு மடங்காமல் நிறுத்தும் பூட்டு. கைப்பிடிக்குள் இருக்கும் தகடு அலகைத் தாங்கும் ‘லைனர் லாக்’ வகை என்றால், விரித்த பிறகு உள்தகடு அலகின் அடிப்பகுதியை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தகடு ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், அலகின் முதுகில் கட்டைவிரலால் அழுத்தும்போதே அது நழுவி அலகு விரல்கள் மீது மடங்கும். இருபது வெள்ளிக் கத்திகளில் இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

உங்கள் தேவை கார் மட்டும்தான் என்றால், கொக்கி வடிவ வார் அறுப்பானும் ஸ்பிரிங் உடைப்பானும் சேர்ந்த சிறு கருவி 15, 20 வெள்ளிக்குக் கிடைக்கும். அதை வாங்குங்கள். வார் பூட்டிய நிலையில் இரண்டு கைகளில் எதை நீட்டினாலும் எட்டும் இடத்தில் அதைப் பொருத்துங்கள்.

*படம் இணைத்துள்ளேன். இந்தக் கத்தி நல்லதா? (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)*

படம் மங்கலாக இருக்கிறது. பெயர் இல்லை, விலை இல்லை, எதற்கு வேண்டும் என்பதும் இல்லை. இம்மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதற்குமுன் பணம் கட்டாதீர்கள்.

*மீட்புக்கத்தியின் முனை மழுங்கலாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறீர்கள். கூர்முனை இருந்தால் பெட்டி பிரிக்க, பழம் நறுக்க, வேறு வேலைகளுக்கும் உதவுமே? (தனியார் வாடகைக் கார் ஓட்டுநர், தெம்பனிஸ்)*

ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். ஏனென்றால் சந்தையில் ‘மீட்பு’ என்று பொறித்து விற்கப்படும் மலிவுக் கத்திகளில் பெரும்பாலானவை ஈட்டிமுனை கொண்டவை, அவற்றை வடிவமைத்தவர்கள் ஒரு மனித உடலுக்கும் இருக்கைவாருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று ஒருமுறையேனும் யோசித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

விபத்துக்குப் பிறகு வார் எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மோதலின்போது வாரை இழுத்து இறுக்கும் முன்னிழுப்பான் இறுக்கிவிட்ட பட்டை கழுத்தோரம் தோள் எலும்பின் மீது பதிந்து, மார்பைக் குறுக்காகக் கடந்து, இடுப்பெலும்பை அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளிருப்பவர் மயக்கத்தில் சரிந்திருக்கலாம், வலியில் துடித்துக்கொண்டிருக்கலாம், குழந்தை இருக்கையில் இருக்கும் பிள்ளையாக இருந்தால் கால்களை உதைத்து அழுதுகொண்டிருக்கலாம். ஒரு விரல் நுழையக்கூடிய அந்த இடைவெளியில், நடுங்கும் கையோடு, சில நேரம் இருட்டில், நீங்கள் அலகைச் செருக வேண்டும். ஈட்டிமுனை முதலில் சந்திப்பது வாரை அல்ல, தோலை. கழுத்துப் பக்கமாக இருந்தால் தோலுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் முறையான மீட்புக்கத்திகள் ஆட்டுக்குளம்பு வடிவ அலகோடு வருகின்றன: முதுகு வளைந்து இறங்கி வெட்டுமுனையைத் தொடும், குத்தும் முனையே இருக்காது. அந்த மழுங்கிய மூக்கு உடலின் மீது சறுக்கிக்கொண்டு உள்ளே போகும். முழு நீளத்துக்கும் ரம்பப்பல் இருப்பதால், உங்களை நோக்கி இழுக்கும்போது பட்டையைப் பற்றி அறுக்கும். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் மலிவு வரிசையான பேர்ட் பெயரில் வரும் காரா காரா மீட்புக்கத்தி இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. 60, 70 வெள்ளி ஆகும். மீட்புக்கத்தி என்ற பெயருக்குத் தகுதியான ஒன்றுக்கு இதற்குக் குறைவாகச் செலவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

பழம் நறுக்கவும் பெட்டி பிரிக்கவும் வேறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். மீட்புக்கத்தியால் அட்டைப்பெட்டி அறுத்தால் சில வாரங்களில் பற்கள் மழுங்கிவிடும். அது தெரியவருவது தேவைப்படும் நாளில்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்தியை எடுப்பதற்குமுன் வாரின் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பதற்றத்தில் இதை மறப்பவர்கள் பலர். நசுங்கிய வண்டியில்கூடப் பூட்டு பல நேரம் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால், தோள் பக்கம் உடலைவிட்டு விலகியிருக்கும் இடத்தைத் தேடிச் சற்றுச் சாய்வாக அறுங்கள். வண்டி கவிழ்ந்து, ஆள் தலைகீழாகத் தொங்கினால், ஒருவர் அவரைத் தாங்கிப் பிடித்த பிறகுதான் அறுக்க வேண்டும்.

*தலைசாய்வானின் கம்பிகளைக் கழற்றிக் கண்ணாடியை உடைக்கலாம், அதற்காகவே அது கழலும்படி செய்யப்பட்டிருக்கிறது என்கிறார்களே? (வாசகி, ஈசூன்)*

அதற்காகச் செய்யப்பட்டதன்று. உயரத்தைச் சரிசெய்யவும் கழற்றிச் சுத்தம் செய்யவுமே அவை கழல்கின்றன. அதை நம்பி இருக்காதீர்கள்.

*புதிய கார் வாங்கியிருக்கிறோம். பக்கக் கண்ணாடியும் லேமினேட்டட் என்று விற்பனையாளர் சொன்னார். அப்படியானால் உடைப்பான் பயன்படுமா? (வாசகர், புக்கிட் தீமா)*

பயன்படாது. நான் மேலே சொன்ன 2019 சோதனையில் ஒரு கருவிகூட லேமினேட்டட் கண்ணாடியை உடைத்துத் திறக்கவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால், விரிசல் விடும், ஆனால் பிரியாது. கண்ணாடியின் கீழ் மூலையில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள்; பெரும்பாலான வண்டிகளில் டெம்பர்டா, லேமினேட்டடா என்பது அங்கே இருக்கும். நான்கு கதவுகளையும் பின்கண்ணாடியையும் தனித்தனியே பாருங்கள், ஏனென்றால் முன்கதவுகள் மட்டும் லேமினேட்டடாகவும் பின்கதவுகள் டெம்பர்டாகவும் உள்ள வண்டிகள் உண்டு. உடைக்கக்கூடிய கண்ணாடி எது என்பதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் மீட்புக் கருவியில் லேமினேட்டட் கண்ணாடியை அறுக்கும் ரம்பம் உண்டு. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், விலையும் நூறு வெள்ளிக்கு மேல். வெளியிலிருந்து உதவ வருபவருக்கு அது பொருந்தும், நீர் ஏறும் வண்டிக்குள் இருப்பவருக்குப் பொருந்தாது.

உங்கள் வட்டாரத்தில் திடீர் வெள்ளம் புதிதன்று. 2021 ஏப்ரலில் அங்கே கார்கள் நீரில் சிக்கின. வண்டி மிதக்கத் தொடங்கினால் உங்களுக்கு இருப்பது அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை. மின்கண்ணாடிகள் அப்போது பெரும்பாலும் இயங்கும். வாரைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, வெளியேறுங்கள். உள்ளும் வெளியும் நீர் சமமாகும் வரை காத்திருக்கச் சொல்வோரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

*பாசிர் ரிஸ்ஸில் வார இறுதியில் கயாக் ஓட்டுகிறேன். கயிறு சிக்கினால் அறுக்க டி2 எஃகில் ஒரு மடக்குக்கத்தி 35 வெள்ளிக்குக் கிடைக்கிறது. எஃகு நல்லதுதானே? (வாசகர், பொங்கோல்)*

எஃகு நல்லது, உங்கள் வேலைக்குத் தவறானது. டி2 எஃகில் ஒன்றரை விழுக்காடு கரிமம் இருப்பதால் கூர்மை நீண்ட நாள் நிற்கும். ஆனால் முழுமையான துருப்பிடியா எஃகு என்று அதைச் சொல்ல முடியாது. உப்புநீரும் இந்த ஊரின் ஈரப்பதமும் சேர்ந்தால் ஓரிரு வாரங்களில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். 8சிஆர்13எம்ஓவி எஃகு சற்றுப் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவித் துடைத்தால் போதும். 3சிஆர்13 துருப்பிடிக்கத் தயங்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். கடலுக்கென்றே வாங்குவதானால் எச்1 அல்லது எல்சி200என் எஃகைத் தேடுங்கள். விலை மும்மடங்கு ஆகும். ஈரக் கையால் மடக்குக்கத்தியை விரிப்பது கடினம் என்பதால், மிதவைச் சட்டையில் பொருத்தும், மடங்காத மழுங்குமுனைக் கத்தியையே நான் பரிந்துரைப்பேன். கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள் என்பதை மீண்டும் சொல்கிறேன்.

*பொத்தானை அழுத்தினால் தானே விரியும் மீட்புக்கத்தி ஒற்றைக் கைக்கு வசதியாக இருக்கும் என்று தோன்றுகிறது. வெளிநாட்டுக் கடையில் தருவித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா? (சரக்கு வாகன ஓட்டுநர், உட்லண்ட்ஸ்)*

தருவிக்காதீர்கள், பையிலும் வைக்காதீர்கள். விசையால் விரியும் கத்தியும் உதறினால் விரியும் கத்தியும் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதங்கள். துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. சாதாரண மடக்குக்கத்தியைக்கூடத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். ‘தற்காப்புக்காக’ என்ற பதில் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. விற்பனைப் பக்கத்தில் ‘சிங்கப்பூருக்கு அனுப்புவோம்’ என்று இருப்பது அனுமதி ஆகாது. ஐயம் இருந்தால், பணம் கட்டுவதற்குமுன் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் கேளுங்கள். ஜொகூருக்குப் போய்வரும் வண்டி என்றால் எல்லையின் இரு பக்கத்து விதிகளையும் விசாரியுங்கள். ‘என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே’ என்று சொல்லிக்கொண்டு கத்தியோடு சுற்றுவோரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கூரிய முனையில்லாத கொக்கி அறுப்பான் உங்கள் வேலையைச் செய்யும்போது இந்த ஆபத்து எதற்கு?

*கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தொழிலாளி ஒருவர் பாதுகாப்புக் கவசவாரில் தொங்கினால் அறுத்து இறக்க, குழுவுக்கு ஆளுக்கொரு கத்தி வாங்கித் தரலாமா? (ஜூரோங்)*

எடையில் விறைத்து நிற்கும் கயிறு, அலகு தொட்ட மாத்திரத்தில் அறுந்துவிடும். தவறான கயிற்றை ஒருவர் தொட்டால் தொங்குபவர் விழுவார். ஆளுக்கொரு கத்தி கொடுப்பது அந்த வாய்ப்பைப் பெருக்குவதாகும். பயிற்சி பெற்ற ஓரிருவரிடம் மழுங்குமுனைக் கத்தி இருக்கட்டும். மற்றவர்களுக்கு மீட்புக் கயிறும், அதைக் கையாளும் ஒத்திகையும் கொடுங்கள். 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கிக் கார் விழுந்தபோது, பக்கத்துத் தளத்துத் தொழிலாளர்கள் எழுவர் கயிற்றை வீசிச் சில நிமிடங்களில் ஓட்டுநரை மேலே இழுத்தார்கள்; அவர்களை வழிநடத்திய மேற்பார்வையாளர் தமிழர். அங்கே ஒரு கத்தியும் தேவைப்படவில்லை. கயிறு கையெட்டும் இடத்தில் இருந்தது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவசர உதவி எண்ணான 995-ஐ அழைப்பதற்கு ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

*ரம்பப்பல்லைத் தட்டைக் கல்லில் தீட்டலாமா? (வாசகர், பிடோக்)*

கூடாது. பல்லின் உட்குழிவுக்குப் பொருந்தும் மெல்லிய பீங்கான் கோலை எடுத்து, ஒவ்வொரு பல்லாக, சாய்வான பக்கத்தில் மட்டும் தீட்டுங்கள். மறுபக்கத்தில் எழும் பிசிறை லேசாக ஒருமுறை தடவி எடுத்தால் போதும்.

*நான்கு ஆண்டுகளாகச் சாவிக்கொத்தில் ஒரு ஸ்பிரிங் உடைப்பான் வைத்திருக்கிறேன். இன்னும் வேலை செய்யுமா? (வாசகி, கிளமெண்டி)*

பழைய மரப்பலகை ஒன்றின் மீது அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங் சுருங்கிச் சட்டென விடுபட்டு, மரத்தில் தெளிவான சிறு குழி விழ வேண்டும். குழி மங்கலாக இருந்தாலோ, அழுத்தும்போது கரகரவென்று உப்பும் மணலும் தட்டுப்பட்டாலோ புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். இம்முறை சாவிக்கொத்தில் மாட்டாதீர்கள். பல வண்டிகள் இப்போது சாவியைச் செருகாமலே கிளம்புவதால், சாவி கைப்பைக்குள் கிடக்கிறது, கைப்பை பின்னிருக்கையில் கிடக்கிறது.