இலையைப் போல ஒளியைப் பிடிக்கும் பாலிமர்: தோட்டத்துப் பிள்ளை இதைப் படித்து என்ன செய்வது?

தலைப்பில் இருப்பது நீங்கள் கேட்ட கேள்வி. அந்த 'என்ன செய்வது'தான் என்னை எழுத உட்கார வைத்தது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஃபாரம் சிக்ஸ் முடித்துவிட்டு எந்தத் துறை எடுக்கலாம் என்று யோசிக்கிறீர்கள் போல; வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என் அம்மா. அந்தப் பாலில் இருக்கும் ரப்பரே பாலிமர்தானே, ஐசோப்ரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. செம்பனை எண்ணெயைச் சிவப்பாக்கும் கரோட்டினும் அதே அலகில் கட்டியதுதான். அதில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்று வருவதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடிக்கிறது. ரப்பரில் அவை தள்ளித் தள்ளி இருப்பதால் பிடிப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இலையில், ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றும் இடமான ஒரு வினைமையத்துக்கு 200, 300 பச்சைய மூலக்கூறுகள் ஒளி பிடித்துக் கொடுக்கின்றன. ஒரு நிரையில் எந்த மரத்தில் வடிந்த பாலும் ஒரே கொட்டகைக்குப் போவது போல, எது பிடித்தாலும் ஆற்றல் கைமாறி அந்த மையத்துக்குப் போகும். சில நானோநொடிக்குள் போகாவிட்டால் வீண். இப்படிக் கைமாறும் கணக்கை 1948-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஃபோர்ஸ்டர் எழுதினார்: தூரம் இரட்டித்தால் வேகம் 64 மடங்கு குறையும். மூலக்கூறுகள் ரொம்ப நெருங்கினாலும் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும். இலையில் புரதம் அந்த இடைவெளியைக் காக்கிறது, ஆய்வகத்தில் அந்த வேலையைப் பாலிமர் சங்கிலியிடம் கொடுக்கிறோம்.

கடைசி வருஷ ஆய்வில் இதைக் கண்ணால் பார்த்தேன். நீலமாக ஒளிரும் சாயத்தையும் சிவப்பாக ஒளிரும் சாயத்தையும் கரைசலில் சும்மா கலந்தால், புறஊதா விளக்கில் குப்பி நீலமாகவே நின்றது. இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்ததும், சிவப்புச் சாயம் கொஞ்சமே இருந்தும், குப்பி முழுக்கச் சிவந்தது. ஒளியைப் பிடித்தது நீலம், உமிழ்ந்தது சிவப்பு. அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு இதைத்தான் சொன்னேன்.

உடனே யாராவது "இது சோலார் பேனலுக்கு ஈடாகுமா" என்று வருவார்கள். ஆகும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சாயம் வெயிலில் வெளுக்கும். இலை, வினைமையத்தில் ஒளியால் கெட்டுப்போன டி1 என்ற புரதத்தைக் கழற்றிப் புதிதாகச் செருகிக்கொள்கிறது. பாலிமருக்கு அந்தப் பழுதுபார்ப்பு இன்னும் கைவரவில்லை. வேலை பாக்கி இருப்பதே அங்கேதான்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். ஆயுள் முழுக்க அங்கே பால் வெட்டியவர்களுக்கு ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை, அம்மா இன்னும் டவுனில் வாடகைக்கு இருக்கிறார். "படித்து என்ன செய்வது" என்று நம்மிடம் கேட்பவர்கள் இதை ஏன் யாரிடமும் கேட்பதில்லை?

நீங்கள் பாலிமர் வேதியியலை எடுங்கள். இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள், ஆற்றல் கைமாறும் கணக்கு முழுக்க அங்கேதான் இருக்கிறது.