மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லை, 50 மி.மீ. லென்ஸை வைத்துப் பூச்சிகளை நெருக்கமாகப் படமெடுக்கப் பழக முடியுமா?

தாராளமாக முடியும். ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் போதும். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று வளையம் அது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் நின்று, படம் பதிவாகும் சென்சாரிலிருந்து லென்ஸைத் தள்ளி நிறுத்துவதுதான் அதன் வேலை. 50 மி.மீ. லென்ஸுக்கு மொத்தம் 50 மி.மீ. டியூப் போட்டால் 1:1 கிடைக்கும். அதாவது 1 செ.மீ. பூச்சி, சென்சாரிலும் 1 செ.மீ. அளவுக்கே விழும். மின் இணைப்பு முனைகள் உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் இன்றைய பல லென்ஸ்களில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது.

சிரமமெல்லாம் ஃபோகஸில்தான். 1:1-இல் அபெர்ச்சரை எஃப் 8 என்று சிறிதாக வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. குதிக்கும் சிலந்தியின் முன்கண்கள் பளிச்சென்று இருக்கும், பின்கால்கள் மங்கிவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் நொடியில் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றது மங்கலானாலும் பரவாயில்லை.

அப்புறம் வெளிச்சம். 1:1-இல் சென்சாருக்கு வரும் ஒளி கால் பங்காகக் குறையும், அதனால் ஃபிளாஷ் வேண்டும். அதன் முன் வெள்ளைத் தாள் வைத்து ஒளியை மென்மையாக்குங்கள்.

முதலில் செம்பருத்தியின் மகரந்தத்தில் பழகுங்கள், ஓடாது. பூச்சிக்கு அதிகாலைதான் நேரம். குளிரில் மந்தமாக இருக்கும். அசையாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள் சிலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.