முதல் ஸ்லாலம் கனூ: படகின் எடையை விடுங்கள், வாலைப் பாருங்கள்

கேள்வி: இரண்டு வருடமாகக் கயாக்கில் (உட்கார்ந்து இருமுனைத் துடுப்பு போடும் படகு) ஸ்லாலம், அதாவது வேகமான ஆற்றில் தொங்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓட்டும் போட்டி, பழகி வருகிறேன். இப்போது மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பு போடும் சி-1 கனூவுக்கு மாற ஆசை. என் எடை 58 கிலோ. தெரிந்தவர் ஒருவர் தன் பழைய போட்டிப் படகை விற்கிறார். முழுக்க கார்பன் இழை, வெறும் எட்டரைக் கிலோ. அவருடைய எடை 80 கிலோவுக்கு மேல். இன்னொரு இடத்தில் கெவ்லார் என்ற உறுதியான இழை கலந்த, 11 கிலோ படகு ஒன்று இருக்கிறது. என்னைப் போன்ற எடைக்காரர் ஒருவருக்காகச் செய்தது. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை. கையில் தூக்கிப் பார்க்கும்போது கார்பன் படகு மயக்கும், சரிதான். ஆனால் தண்ணீரில் அது உங்கள் படகாக இருக்காது.

ஸ்லாலம் படகில் முதலில் பார்க்க வேண்டியது அதன் கொள்ளளவு, அதாவது எத்தனை கிலோ மனிதரைச் சுமக்க அது வடிவமைக்கப்பட்டது என்பதுதான். சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் தொங்கும் கேட்டை நீரோட்டத்துக்கு எதிராகக் கடக்க வேண்டும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி ஓடும் இடத்துக்குள் நுழைந்ததும், நல்ல ஓட்டுநர் படகைச் சாய்த்து, தட்டையான பின்முனையை, அதாவது வாலை, தண்ணீருக்குள் அமிழ்த்துவார். முன்முனை மேலே கிளம்பும், படகு நின்ற இடத்திலேயே சுழலும். வால் அமிழவில்லை என்றால் அகலமாக வளைந்து வர வேண்டியதுதான். கம்பத்தைத் தொட்டால் 2 வினாடி, கேட்டைத் தவறவிட்டால் 50 வினாடி அபராதம் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த மெல்லிய வால் ஒன்றும் ஆதிகாலத்து ஏற்பாடு அல்ல. 1970-களின் பிற்பகுதியில் ஜான் லக்பில், டேவி ஹெர்ன் முதலான அமெரிக்க இளைஞர்கள் கொள்ளளவைக் குறைத்துக் குறைத்து, கம்பத்துக்கு அடியில் நுழையும் அளவுக்குத் தாழ்வான சி-1 படகுகளைக் கொண்டுவந்தார்கள். 1979-இல் கனடாவின் ஜோன்கியேரில் நடந்த உலகப் போட்டியில் சி-1 பதக்கங்கள் மூன்றையும் அமெரிக்கர்களே அள்ளினார்கள். அன்றிலிருந்து வால் தடிமனாக இருந்த படகுகளுக்கு மவுசு போய்விட்டது.

80 கிலோக்காரரின் படகில் நீங்கள் தக்கை போல மிதப்பீர்கள். உங்கள் எடைக்கு அந்த வால் அமிழாது, பக்கவாட்டு அலையும் உங்களை இஷ்டத்துக்குத் தள்ளும். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு: சின்னப் படகுதான் வேகம் என்று நினைத்து, தன் எடைக்குப் பொருந்தாததில் ஏறுவது. அப்போது கேட்காமலே வால் அமிழும், நீரோட்டம் மாறும் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் ஓரம் மாட்டிக்கொண்டு கவிழ்க்கும். புதிதாக மாறுகிறவர் இரண்டு அளவுக்கு நடுவில் ஊசலாடினால், கொஞ்சம் பெரியதையே எடுக்கச் சொல்வேன். கொஞ்சம்தான், 20 கிலோ வித்தியாசம் அல்ல.

வாங்கும் முன் அசையாத தண்ணீரில் ஏறிப் பாருங்கள். துடுப்பு போடாமல் நிமிர்ந்து மண்டியிட்டு இருங்கள், கரையிலிருந்து ஒருவர் பக்கவாட்டில் படம் எடுக்கட்டும். பின்பக்க மேல்தளம் தண்ணீருக்குச் சற்று மேலே தெரிய வேண்டும். தண்ணீர் அதன் மேல் ஏறி நின்றால் படகு சின்னது, அல்லது இருக்கை பின்னால் தள்ளி இருக்கிறது. இதில் அவசரப்பட்டுப் படகைக் குறை சொல்லாதீர்கள். இருக்கையை ஓரிரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே படகின் குணம் மாறிவிடும்.

கயாக்கிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இருக்கை விஷயத்தில்தான். உயரமாக இருந்தால் துடுப்புக்கு நல்ல வீச்சு கிடைக்கும், ஆனால் படகு ஆடும். தாழ்வாக இருந்தால் ஆட்டம் குறையும், பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். எனவே ஃபோம் இருக்கையை முதலில் உயரமாகவே வைத்து, தண்ணீரில் இறங்கிப் பார்த்துப் பார்த்துச் சீவிக் குறையுங்கள். சீவியதை ஒட்ட முடியாது! தொடைப் பட்டைகள் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் கவிழ்ந்த நிலையில், தலை தண்ணீருக்குள் இருக்கும்போது, ஒரே இழுப்பில் விடுபட வேண்டும். அதை ஆற்றில் சோதிக்காதீர்கள். அமைதியான நீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு நாலைந்து முறை செய்து பாருங்கள்.

பொருளைப் பற்றி: கார்பன் விறைப்பாக இருக்கும், நீங்கள் தரும் விசை வீணாகாது. ஆனால் பாறையில் பலமாக அடித்தால் உடைந்துவிடும். கெவ்லார் விரிசல் விட்டாலும் இழை பிரியாமல் பிடித்துக்கொள்ளும், வீடு வரை ஓட்டி வரலாம். முதல் வருடம் நீங்கள் பாறையில் மோதத்தான் போகிறீர்கள். கூடுதலான இரண்டரைக் கிலோவை இப்போதைக்குப் பொருட்படுத்த வேண்டாம்.

பழைய படகு என்பதால் தராசில் வைத்துப் பாருங்கள். சொன்னதைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாக இருந்தால், ஒட்டுப் போட்ட பிசின் சேர்ந்திருக்கும் அல்லது உள்ளே இருக்கும் ஃபோம் அடுக்கு தண்ணீர் குடித்திருக்கும். இருக்கைக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மொறுமொறு என்று சத்தம் வந்தால் அடுக்குகள் பிரிந்துவிட்டன, வேண்டாம். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும். மேல்தளமும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பில் சின்ன விரிசல் இருந்தால் பயமில்லை, எபாக்ஸி பிசினும் ஒரு பட்டை இழையும் போதும்.

நீளத்தையும் அளந்துவிடுங்கள். 2005-க்கு முன் குறைந்தபட்ச நீளம் 4 மீட்டர், இப்போது 3.5 மீட்டர். அந்தக் காலத்து நீளப் படகுகள் இன்றும் விற்பனைக்கு வரும். விதிப்படி அவற்றுக்குத் தடையில்லை, நேராகவும் நன்றாக ஓடும். ஆனால் இன்றைய நெருக்கமான கேட்டுகளில் அந்த அரை மீட்டரைத் திருப்பவே உயிர் போகும்.

அப்புறம், கவிழ்ந்தாலும் படகை மிதக்க வைக்க கனூவுக்குள் இருக்கும் காற்றுப் பைகளையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். விற்கிறவர்கள் அதைக் கழற்றி வைத்துக்கொள்வதுண்டு.