முதலில் பெட்டி, பிறகு ஆடு

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து நிதி திரட்டியிருக்கிறோம். வளரும் நாடு ஒன்றின் வறண்ட கிராமத்தில், அங்குள்ள தொண்டுக் குழு மூலம் 20 பெண்களுக்குத் தையல் மெஷினோ ஆடோ வாங்கித் தர எண்ணம். எது நல்லது? எங்கள் உதவி நின்ற பிறகும் அவர்களுக்கு வருமானம் தொடருமா?

பதில்: தையல் மெஷினை விட்டுவிடுங்கள். ஒரே ஊரில் 20 பேர் தைக்க உட்கார்ந்தால் துணி கொண்டுவர ஆள் இருக்காது. கூலி அடிமட்டத்துக்கு இறங்கும். இரண்டு மூன்று பேரைத் தவிர மற்றவர்களின் மெஷின் மூலைக்குப் போய்விடும். ஆடு அப்படியல்ல, அவசரத்துக்கு விற்கலாம். ஆனால் அதையும் முதலில் அனுப்பாதீர்கள்.

முதலில் வேண்டியது சேமிப்புக் குழு. 1991-ல் ஆப்பிரிக்காவின் நைஜரில் கேர் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு தொடங்கிவைத்த முறை பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. ஒருவரையொருவர் நம்பித் தாங்களே சேரும் 15 முதல் 25 பேர், வாராவாரம் கூட்டம். சேமிப்பைப் பங்கு பங்காகப் போடுவார்கள்; ஒரு பங்கு எவ்வளவு பணம் என்பதைக் குழுவே முடிவு செய்யும். மிக ஏழையான உறுப்பினரும் கையில் காசு குறைந்த வாரத்தில் ஒரு பங்காவது வாங்க முடிய வேண்டும். ஒரு கூட்டத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 5 பங்கு. சேமிப்பை வைக்கும் பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். அந்தப் பணத்திலிருந்து உறுப்பினர் வட்டிக்குக் கடன் வாங்கலாம், ஆனால் தன் சேமிப்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் கிடையாது. ஆண்டு முடிவில் வட்டியோடு பங்குக்கேற்பப் பிரித்துக்கொள்வார்கள். இந்தப் பிரிப்புதான் உண்மையான தணிக்கை. கணக்கில் ஓட்டை இருந்தால் அன்று தெரிந்துவிடும்.

உங்கள் பணம் ஒரு காசுகூட அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. வெளியார் பணத்தைத் திருப்பிக் கட்ட யாரும் அவசரப்பட மாட்டார்கள். அதைக் குறிவைத்தே ஊரில் செல்வாக்குள்ளவர்கள் குழுவுக்குள் நுழைவார்கள். நல்லெண்ணம் உள்ளவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

குழு ஆறு மாதம் தவறாமல் கூடிவிட்டால் ஆடு வாங்கலாம். அதற்குள் கொட்டகையும் தீவன மரங்களும் தயாராக வேண்டும். 25 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு 4 கிலோ அளவுக்குப் பசுந்தழை வேண்டும். வீட்டுக்கு இரண்டு பெட்டை, 20 - 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். உள்ளூர் இனமே வாங்குங்கள். ஒரே நாளில் 40 ஆடு பிடிக்கப் போனால் விலையும் ஏறும், சந்தையில் உள்ள நோயெல்லாம் கூடவே வரும். சிறுகச் சிறுக வாங்கி 21 நாள் தனியே கட்டி, குடற்புழு நீக்கி, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட பிறகே வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஓராண்டு கழித்துக் கிடாவைப் பக்கத்து ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது பருவத்துக்கு வந்த தன் குட்டிகளோடே சேரும்; நோஞ்சான் குட்டிகள் பிறக்கும்.

சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி விற்கும் அளவுக்கு வளர இன்னும் ஆறேழு மாதம். அதுவரை ஆட்டிலிருந்து காசு வராது. சாப்பாட்டுக்கு வழியில்லாத மாதத்தில் தாயாட்டையே விற்றுவிடுவார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002-ல் தொடங்கிய திட்டம் சொத்தோடு சில மாத உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி நேரில் வந்து பார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. இதே மாதிரியை எத்தியோப்பியா, கானா, பெரு உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015-ல் வெளியான ஆய்வில், உதவி நின்று ஓராண்டு கழித்தும் பெரும்பாலான பலன்கள் நீடித்தன. கானாவில் ஆட்டை மட்டும் கொடுத்துப் பார்த்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே 20 குடும்பத்துக்கு ஆடு மட்டும் தருவதைவிட 10 குடும்பத்துக்கு முழுமையாகச் செய்யுங்கள்.

மீதி 10 குடும்பங்களுக்கு ஏழைகளுக்குக் கால்நடை தரும் ஹெய்ஃபர் என்ற தொண்டு அமைப்பின் வழி இருக்கிறது: ஆடு பெற்றவர் முதல் பெண் குட்டியை அடுத்தவருக்குத் தர வேண்டும். சொல்லச் சுலபம், சண்டை வருவதும் இதில்தான். இருப்பதிலேயே சோனிக் குட்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பால் மறந்த, தடுப்பூசி போட்ட குட்டியைக் குழுவே தேர்ந்தெடுக்கும் என்றும், குட்டி செத்தால் அடுத்த ஈற்றில் தர வேண்டும் என்றும் ஆடு வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்கிவிடுங்கள்.

இப்போதைக்கு அனுப்ப வேண்டியது பெட்டி, கணக்குப் புத்தகங்கள், உள்ளூர் மொழி பேசும் பயிற்சியாளர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளம். அவர் முதல் மூன்று மாதம் வாரந்தோறும் கூட்டத்துக்குப் போகட்டும், பிறகு படிப்படியாகக் குறைக்கட்டும். ஆட்டுக்கான பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.